ஓவர்ஃப்ளோ நோட்டு

விடிகாலை ஐந்தரை மணி, போர்ட்டிகோவில் பெட்ரோல் வாடை. எதிர்வீட்டு மோட்டார் பைக்காக இருக்கும் என்று பல் துலக்கப் போய்விட்டேன். திரும்பி வந்து பானட்டைத் தூக்கினால் நம்முடையதுதான். கார்பரேட்டரின் காலடியில் பழுப்புக் கறை. விரலால் தொட்டால் பிசுபிசுக்கிறது. ராத்திரி முழுக்கக் கசிந்து காய்ந்திருக்கிறது.

வண்டி 1986 அம்பாசிடர், பெட்ரோல். அப்பா வாங்கியது, நான் கெடுத்தது. 1489 சிசி எஞ்சின். இதே அளவு, இதே வம்சத்து எஞ்சினைத்தான் இங்கிலாந்தில் எம்.ஜி.ஏ. என்ற ஒயிலான இரண்டு சீட்டர் காருக்கும் போட்டார்கள் என்று சொன்னால் வீட்டில் யாரும் நம்புவதில்லை. நம்முடையதன் தலையில் ஒரே ஒரு சோலெக்ஸ் கார்பரேட்டர்.

*

ஓவர்ஃப்ளோ என்றால் என்ன என்று மனைவி கேட்டாள். மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியைக் காட்டினேன். பந்து மிதக்கிறது, தண்ணீர் ஏற ஏறப் பந்தும் ஏறுகிறது, ஓர் உயரத்தில் குழாயை அடைக்கிறது. பந்து ஓட்டையானாலோ வால்வு தேய்ந்தாலோ தொட்டி வழியும், கீழ்வீட்டுக்காரர் சத்தம் போடுவார். கார்பரேட்டரிலும் அதேதான். ஒரு கிண்ணம், உள்ளே ஃப்ளோட், அது தள்ளி மூடும் ஊசி. ஊசிக்கு நீடில் என்று பெயர். வித்தியாசம் ஒன்றுதான்: அங்கே வழிவது தண்ணீர். இங்கே வழிவது நேராக சைலன்சர் மேனிஃபோல்டின் மேல் விழும்.

விளையாட்டுப் பேச்சு இல்லை. இந்த எஞ்சினில் காற்று உள்ளே போகும் மேனிஃபோல்டும் புகை வெளியே வரும் மேனிஃபோல்டும் ஒரே பக்கம். கார்பரேட்டர் உட்கார்ந்திருப்பது அடுப்புக்கு மேல் உறி கட்டியது மாதிரி. அன்றைக்கே பேட்டரி வயரைக் கழற்றி வைத்தேன். வேலை முடியும்வரை பக்கத்தில் ஒரு வாளி மணல், ஒரு சின்னத் தீயணைப்பான். ஊதுபத்தியைக்கூட வீட்டின் பின்பக்கம் கொண்டுபோகச் சொன்னேன். அம்மாவுக்கு அது பிடிக்கவில்லை.

*

பாய் வந்து பார்த்தார். முப்பது வருஷமாக எங்கள் வண்டிக்கு மெக்கானிக் அவர்தான். பார்த்த உடனே ஸ்பேனரின் பின்பக்கத்தால் கிண்ணத்தை டொக் டொக் என்று இரண்டு தட்டு.

"இப்ப ஸ்டார்ட் பண்ணுங்க சார்."

செய்தேன். கசிவு நின்றுவிட்டது. நீடிலும் அது உட்காரும் இருக்கையும் சந்திக்கும் இடத்தில் தூசி மாட்டியிருந்தால், தட்டினால் விழுந்துவிடும். இது வைத்தியமே இல்லை, சோதனை என்றார் பாய். தட்டி நின்றால் குப்பை. தட்டியும் நிற்காவிட்டால் தேய்மானம், இல்லாவிட்டால் ஃப்ளோட். நான் அதை வைத்தியம் என்றே எடுத்துக்கொண்டு பதினோரு நாள் ஓட்டினேன்.

*

பன்னிரண்டாம் நாள், பெட்ரோல் பங்க்கிலிருந்து கிளம்பும்போது கருப்புப் புகை. பின்னால் நின்ற ஆட்டோக்காரர் மூக்கைப் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுதி வைக்கிறேன், மறக்கக் கூடாது என்பதற்காக.

வீட்டுக்கு வந்து பிளக்கைக் கழற்றினேன். நான்கும் கருப்பு, இரண்டு ஈரம். காய்ந்த கரி என்றால் கலவையில் பெட்ரோல் அதிகம் என்று மட்டும் அர்த்தம். அதற்குச் சோக் திரும்பாமல் சிக்கியிருப்பது, ஏர் ஃபில்டர் அடைத்திருப்பது என்று வேறு காரணங்களும் உண்டு. ஈரம் என்றால் பெட்ரோல் பெட்ரோலாகவே உள்ளே போகிறது. இந்த வேறுபாட்டைப் பார்க்காமல் ஏர் ஸ்க்ரூவைத் திருகிக்கொண்டே இருப்பவர்களை எனக்குத் தெரியும். நானே அப்படி ஒரு மாசம் இருந்திருக்கிறேன். ஏர் ஸ்க்ரூ ஐடிலிங்குக்கு மட்டும்தான். கிண்ணம் வழிவதை அதனால் நிறுத்த முடியாது.

சோக்கையும் ஒரு தடவை பார்த்துவிட்டேன். இந்த சோலெக்ஸில் தொண்டையை மூடும் தகடு கிடையாது. பக்கவாட்டில் துளைகள் போட்ட ஒரு வட்டத் தட்டு சுழன்று, குளிர்நேரத்துக்குத் தனிப் பாதையில் பெட்ரோல் விடும். மேலிருந்து எட்டிப் பார்த்து "சோக் திறந்துதான் இருக்கு" என்று சொல்வதில் பயன் இல்லை. கேபிள் முழுக்கத் திரும்புகிறதா, நெம்புகோல் கடைசி வரை போய் நிற்கிறதா என்று கையால் தொட்டுப் பார்க்க வேண்டும். என்னுடையது போய் நின்றது.

*

நனைந்த எஞ்சினைக் கிளப்பும் முறை. ஒவ்வொரு முறையும் யாராவது ஒருவருக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது.

சோக்கை உள்ளே தள்ளிவிடு. ஆக்சிலரேட்டரைத் தரையோடு மிதி, மிதித்தபடியே வை. பம்ப் அடிக்காதே. ஒவ்வொரு மிதிக்கும் கார்பரேட்டரில் உள்ள சின்னப் பம்ப் ஒரு பீச்சுப் பெட்ரோலை உள்ளே அடிக்கும். ஏற்கெனவே மூழ்கிக்கொண்டிருப்பவனுக்குத் தண்ணீர் கொடுக்கிற கதை. முழுக்கத் திறந்த தொண்டை வழியாகக் காற்று போய் உள்ளே உலர்த்தும். ஐந்து ஐந்து வினாடியாக செல்ஃப் அடி, நடுவில் ஸ்டார்ட்டருக்கு ஓய்வு கொடு. இரண்டு சிலிண்டர் பிடிக்கும், இருமும், பிறகு நான்கும் பிடிக்கும். பிடித்த உடனே காலை எடு.

அப்படியும் வராவிட்டால் பிளக்கைக் கழற்றி உலர்த்துவதுதான் வழி. கழற்றிய ஓட்டை வழியாகப் பெட்ரோல் ஆவி பீச்சும், அதனால் காயில் வயரை எடுத்துவிட்டுத்தான் செல்ஃப் அடிக்க வேண்டும்.

*

கார்பரேட்டர் மூடியைத் திறந்தேன். கிண்ணத்தின் அடியில் காப்பிப் பொடி மாதிரி செம்பழுப்புத் துகள். டேங்க் துரு. ஃபில்டர் இருக்கிறதே என்றால், அந்த பிளாஸ்டிக் ஃபில்டர் எத்தனை வருஷம் பழையது என்று யாருக்கும் நினைவில்லை.

நீடில் வால்வு மூடியில் திருகப்பட்டிருக்கிறது. கழற்றி, கடிகாரக் கடைக்காரரிடம் இரவல் வாங்கிய கண்ணாடியை வைத்துப் பார்த்தேன். கூம்பு முனையைச் சுற்றி ஒரு மெல்லிய வளையம், மோதிரம் போட்ட விரலில் விழும் தடம் மாதிரி. அந்த வளையம் வந்துவிட்டால் நீடில் ஒரே இடத்தில் உட்காராது. ஒரு நாள் அடைக்கும், ஒரு நாள் அடைக்காது. "சில நேரம்தான் ஓவர்ஃப்ளோ ஆகுது" என்று வரும் எல்லாப் புகாருக்கும் பின்னால் இது இருக்கலாம்.

வாயால் ஊதிப் பார்க்கும் சோதனை பாய் சொன்னது. நீடிலை ஒரு விரலால் லேசாக, ஃப்ளோட் தள்ளும் அளவுக்கு மட்டும், மூடிப் பிடித்துக்கொண்டு பெட்ரோல் வரும் வாயில் ஊத வேண்டும். காற்று போகக் கூடாது. என் வால்வில் பாட்டி சீட்டி அடிப்பது மாதிரி 'ஸ்ஸ்' என்று போனது. பிறகு அரை மணி நேரம் நாக்கில் பெட்ரோல் ருசி. டீ குடித்தாலும் போகவில்லை.

கிட் வாங்கினேன். புது நீடில், கேஸ்கட், வாசர், பம்ப் டயஃப்ரம் எல்லாம் ஒரு பிளாஸ்டிக் பையில். பழைய வால்வின் மேல் எண் பொறித்திருக்கும், புதிதிலும் அதே எண் இருக்க வேண்டும். கடைக்காரர் "எல்லாம் ஒண்ணுதான் சார்" என்றார். ஒன்று இல்லை. துளை பெரிதானால், பம்ப் அதே அழுத்தத்தில் தள்ளினாலும் நீடிலை மூடி வைக்க ஃப்ளோட்டுக்குக் கூடுதல் பலம் வேண்டும்.

ஜெட்டுகளையும் சுத்தம் செய்தேன். சைக்கிள் பம்ப் காற்று மட்டும், கம்பி இல்லை. சோலெக்ஸ் ஜெட்டில் 120 என்று இருந்தால் மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குக் கணக்கு, அதாவது 1.20. ஸ்டோர் ரூமில் கிடக்கும் கம்பியை அதில் நுழைத்துக் குடைந்தவன் அதற்குப் பிறகு மைலேஜ் பற்றிப் பேசக் கூடாது.

*

எல்லாம் புதிது. மாட்டியாகிவிட்டது. மூன்றாம் நாள் மறுபடி வாடை.

இந்த இடத்தில்தான் மனிதர்கள் கார்பரேட்டரையே மாற்றுகிறார்கள். எனக்கும் தோன்றியது. பாய் டீயை உறிஞ்சியபடி, "ஃப்ளோட்டைக் குலுக்கிப் பாத்தீங்களா?" என்றார். பார்க்கவில்லை. நீடிலில் குற்றம் கண்டுபிடித்த சந்தோஷத்தில் ஃப்ளோட்டை விசாரிக்கவே இல்லை. ஒரு திருடன் பிடிபட்டால் இன்னொருவன் இல்லை என்று முடிவு கட்டிவிடுகிறோம்.

காதருகே வைத்துக் குலுக்கினேன். உள்ளே இளநீர் மாதிரி தளும்பியது.

பித்தளை ஃப்ளோட், உள்ளே வெறும் காற்று இருக்க வேண்டும். வெந்நீரில் அமிழ்த்தினேன், கொதிக்கும் நீர் வேண்டாம், கை பொறுக்காத சூடு போதும். உள்ளே இருக்கும் காற்று விரிந்து, ஓட்டை எங்கே என்று குமிழிகளால் காட்டிக்கொடுத்தது. தையலோரத்தில், கடுகளவுகூட இல்லை. அந்த ஓட்டை வழியாகத் துளித் துளியாகப் பெட்ரோல் ஏறி, ஃப்ளோட் கனத்து, தாழ்ந்து மிதந்து, மட்டம் உயர்ந்து, வழிந்திருக்கிறது. நீடில் தேய்ந்தது உண்மை. நீடில் மட்டுமே காரணம் என்பதுதான் பொய்.

பற்றவைக்கும் முன் ஒன்று: உள்ளே ஒரு சொட்டுப் பெட்ரோல் இருந்தாலும் சூடு வைக்கக் கூடாது. மூடிய குடுவைக்குள் பெட்ரோல் ஆவி, வெளியே சூட்டுக்கோல். நான்கு நாள் வெயிலில் காய வைத்தேன், தினமும் எடை போட்டேன். எடை குறைவது நின்ற பிறகுதான் ஈயம் பற்றவைக்கிறவரிடம் கொண்டுபோனேன். அவர் நல்ல கைக்காரர், தாராள மனசுக்காரர். ஈயத்தை வாரி வைத்துவிட்டார்.

*

எடை போட்ட கதை. வீட்டுத் தராசு கிராமுக்குக் கீழே பேசாது. தெருமுனை நகைக்கடையில் போய்ப் பித்தளைக் குமிழை நீட்டினேன். "தங்கமா சார்?" என்று சிரித்தார்கள். காய்ந்த எடைக்கும் பற்றவைத்த பிறகான எடைக்கும் 1.4 கிராம் வித்தியாசம்.

அது ஒரு பெரிய விஷயமா? கணக்குப் போட்டேன். பெட்ரோலின் அடர்த்தி ஏறக்குறைய 0.74. ஃப்ளோட்டின் மேற்பரப்பு சுமார் 12 சதுர சென்டிமீட்டர். 1.4 கிராம் கூடுதல் எடையைத் தாங்க அது ஒன்றரை மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேலே கூடுதலாக அமிழ வேண்டும். அதாவது கிண்ணத்தில் மட்டம் அந்த அளவு உயரும். தொண்டைக்குள் பெட்ரோல் பீச்சும் வாய், சரியான மட்டத்துக்குச் சில மில்லிமீட்டர் மேலேதான் இருக்கிறது. அதில் ஒன்றரையை ஈயம் தின்றுவிட்டால் வண்டி லேசாகச் சாய்ந்து நிற்கும்போதே சொட்டும். எங்கள் போர்ட்டிகோ சாய்வு. மழைத்தண்ணீர் ஓடட்டும் என்று கொத்தனார் விட்ட சாய்வு.

ஈயத்தை அரத்தால் சுரண்டிப் பாதியைக் குறைத்தேன். மீதிக்கு வாசர். நீடில் வால்வுக்கும் மூடிக்கும் நடுவில் இருக்கும் வாசர், கசியாமல் இருப்பதற்காக மட்டும் போட்டது என்று நினைத்திருந்தேன். மட்டத்தைத் தீர்மானிப்பதே அதன் கனம்தான். வாசர் தடித்தால் வால்வு கீழே இறங்கும், ஃப்ளோட் சீக்கிரமே அடைத்துவிடும், மட்டம் தாழும். நடுவில் நெம்புகோல் இருப்பதால் நீடில் கொஞ்சம் இறங்கினாலே மட்டம் அதைவிடக் கூடுதலாக இறங்கும். முதல் முறை ஒரு மில்லிமீட்டர் வாசர் கூடுதலாகப் போட்டு, ஏற்றத்தில் வண்டி பெட்ரோல் இல்லாமல் திக்கியது. அரை மில்லிமீட்டரில் சரியாயிற்று.

புது ஃப்ளோட் வாங்கியிருக்கலாமே என்று கேட்பவர்களுக்கு: வாங்கப் போனேன். கிடைத்தது இதைவிட அரை சுற்றுப் பெரியது, கிண்ணத்தின் சுவரில் உரசியது. உரசும் ஃப்ளோட் ஓட்டை ஃப்ளோட்டைவிடப் பொல்லாதது. தான் நினைத்த நேரத்தில் மட்டும் சிக்கும்.

*

எஞ்சின் ஆயிலைப் பார்க்க மறந்திருந்தேன். டிப் ஸ்டிக்கை எடுத்தால் ஆயில் மேல்கோட்டைத் தாண்டி நிற்கிறது. நான் ஊற்றவில்லை. முகர்ந்தால் பெட்ரோல். எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவர் வழியாக இறங்கிக் கீழே சேர்ந்திருக்கிறது. தண்ணீர் கலந்த மோர் மாதிரி ஆயில், பேரிங்குக்கு அது போதாது. வடித்து மாற்றினேன். ஓவர்ஃப்ளோவில் உண்மையான செலவு வைக்கும் இடம் இதுதான். யாரும் பார்ப்பதில்லை, ஆயில் ஏறியிருந்தால் "பரவாயில்லையே, குடிக்கலையே" என்று சந்தோஷப்படுகிறார்கள்.

*

நண்பர் ஒருவரின் பழைய கார். அவருக்கும் ஓவர்ஃப்ளோ, மூன்று கிட் மாற்றியாகிவிட்டது. பானட்டைத் தூக்கினால் மெக்கானிக்கல் பம்பைக் கழற்றிவிட்டு கரண்ட் பம்ப். "சூப்பரா தள்ளுது" என்றார். அதுதான் வியாதி. எஞ்சினோடு வந்த பம்ப் இரண்டு, இரண்டரை பவுண்டு அழுத்தத்தில் தள்ளும். கடையில் கிடைக்கும் கரண்ட் பம்ப் பலவற்றில் நாலு முதல் ஏழு பவுண்டு. கதவை ஒரு குழந்தை பிடித்துக்கொண்டிருக்கிறது, வெளியிலிருந்து பயில்வான் தள்ளுகிறார். குழந்தையை மாற்றிக்கொண்டே இருந்தால் என்ன ஆகும்?

*

வைகாசி. கசிவு இல்லை. பிளக் பழுப்பு நிறம். ஆனால் மதிய வெயிலில் காய்கறிக் கடையில் பத்து நிமிஷம் நிறுத்திவிட்டு வந்தால் ஸ்டார்ட் ஆக மறுக்கிறது, ஆகும்போது கருப்புப் புகை. காலையில் ஒரே அடியில் வருகிற வண்டி.

மறுபடி நீடிலா? இந்த முறை கை வைக்கவில்லை, கண்ணை வைத்தேன். ஏர் கிளீனரைக் கழற்றிவிட்டு, ஓடிச் சூடான வண்டியை நிறுத்தி, டார்ச் அடித்துத் தொண்டைக்குள் பார்த்தேன். முதல் இரண்டு நிமிஷம் எதுவும் இல்லை. மூன்றாவது நிமிஷம் பீச்சு வாயில் ஒரு முத்து, பிறகு இன்னொன்று, பிறகு பால் பொங்குவது மாதிரி நுரைத்து வழிகிறது.

பெட்ரோல் குழாயை கார்பரேட்டர் வாயிலிலேயே கழற்றிக் கிண்ணத்துக்கு வரத்தை நிறுத்திப் பார்த்தேன். மறுநாள் செய்தது, கையுறையோடு, அடியில் ஒரு கப் வைத்து. நிறுத்திய பிறகும் பம்பின் ஸ்பிரிங் கொஞ்ச நேரம் குழாயில் அழுத்தத்தை வைத்திருக்கும், அதனால் நீடில் கசிந்தால் நின்ற வண்டியிலும் சொட்டும். வரத்தை வெட்டியதும் சொட்டுவது நின்றால் நீடில். வெட்டியும் சொட்டினால் கிண்ணத்தில் ஏற்கெனவே இருப்பதே பொங்குகிறது. என்னுடையது வெட்டியும் சொட்டியது.

வண்டி ஓடும்போது காற்றும் புதுப் பெட்ரோலும் கார்பரேட்டரைக் குளிர வைக்கும். நின்ற உடனே அடியிலிருக்கும் இரும்பின் சூடு முழுவதும் மேலே ஏறும். பெட்ரோலின் லேசான பகுதி 40 டிகிரிக்கு முன்பே கொதிக்கத் தொடங்கிவிடும். சித்திரை, வைகாசியில் எங்கள் திருச்சித் தெருவுக்கே அந்தச் சூடு உண்டு.

அப்படியானால் அப்பா காலத்தில் ஏன் இல்லை? அவரும் இதே வெயிலில்தான் ஓட்டினார். கார்பரேட்டரைக் கழற்றித் திருப்பிப் பார்த்தேன். மேனிஃபோல்டுக்கும் கார்பரேட்டருக்கும் நடுவில் கனமான பேக்கலைட் துண்டு ஒன்று இருக்க வேண்டும், சூட்டைத் தடுப்பதற்காக. இல்லை. வெறும் காகித கேஸ்கட். எந்த வருஷம், எந்தப் பட்டறையில், யார் கழற்றி மாட்ட மறந்தார்கள் என்பது இனித் தெரியப் போவதில்லை. மூடியோ நீடிலோ ஃப்ளோட்டோ காரணம் என்று இரண்டு மாசம் மல்லாடியிருக்கிறேன், இல்லாத ஒரு பொருளைத் தேட யாருக்கும் தோன்றவில்லை. பாய்க்கும்கூட. அவர் தலையைச் சொறிந்துகொண்டு, "இருக்கிறதைத்தானே சார் பாப்போம்" என்றார்.

சென்னை புதுப்பேட்டையில் இருக்கும் உறவுக்காரப் பையன் மூலம் பழைய துண்டு ஒன்று வந்தது, இரண்டு கேஸ்கட்டோடு. விரிசல் இருக்கிறதா என்று நகத்தால் சுண்டிப் பார்த்து மாட்டினேன். ஸ்டட் நீளம் போதவில்லை, அதற்கு ஒரு நாள்.

*

எத்தனால் பற்றி. 2023 பிப்ரவரியில் 20 சதவீதம் கலந்த பெட்ரோல் அறிமுகமானதிலிருந்து, பழைய வண்டியில் எது கெட்டாலும் எத்தனால் தலையில் கட்டுவது ஊர் வழக்கமாகிவிட்டது. கருப்புப் புகைக்குக் காரணம் அது இல்லை. எத்தனாலில் ஆக்சிஜன் இருக்கிறது, அதே ஜெட்டில் போனால் கலவை மெலியும், தடிக்காது. ஆனால் பழைய ரப்பர் குழாயை ஊற வைக்கும், டேங்க் சுவரில் வருஷக்கணக்காக ஒட்டியிருந்த கசடைப் பெயர்க்கும், ஈரத்தை உறிஞ்சும், நிற்கும் வண்டியின் டேங்கில் துருவுக்கு உரம் போடும். என் கிண்ணத்தில் கிடந்த காப்பிப் பொடிக்கு அது பாதிக் காரணம் என்றால் ஒப்புக்கொள்கிறேன். குழாய் எல்லாவற்றையும் எத்தனால் தாங்கும் ரகமாக மாற்றிவிட்டேன். உள்ளே வெட்டிப் பார்த்த பழைய குழாய், விரலில் கருப்பு மையாக வந்தது.

*

இன்றைக்கு மதியம் இரண்டு மணி, அதே காய்கறிக் கடை. இருபது நிமிஷம் வேண்டுமென்றே நின்றேன். கத்தரிக்காய் வாங்கினேன், தேவையில்லாமல் முருங்கைக்காயும். வந்து சாவியைத் திருப்பினேன். இரண்டாவது சுற்றில் பிடித்தது. புகை இல்லை.

புது ஃபில்டரைப் பிரித்துப் பார்த்தேன், பதினெட்டு நாள்தான் ஆகிறது, அடியில் மறுபடி செம்பழுப்பு. அடுத்த ஞாயிறு டேங்கை இறக்க வேண்டும். டேங்க்கைப் பிடித்திருக்கும் பட்டையின் இடதுபக்க நட் துருப்பிடித்துத் தலை தேய்ந்திருக்கிறது. ராத்திரியே எண்ணெய் விட்டு வைத்தேன், நாளையும் விட வேண்டும். பாயிடம் 14-ஆம் நம்பர் ரிங் ஸ்பேனர் கேட்க வேண்டும், என்னுடையது வழுக்குகிறது.